கூரைக்கு எந்த ஷிங்கிள் நல்லது? நாளைக்குள் சொல்ல வேண்டும், அவசரம்

கருங்குயில்82 (திங்கள், இரவு 9.14)

வணக்கம். போன வாரம் அடித்த ஆலங்கட்டி மழையில் எங்கள் கூரை போய்விட்டது, மாற்றப்போகிறோம். ரூஃபர் (கூரை போடுபவர்) மூன்று ஷிங்கிள் (கூரையில் ஓடு போல அடுக்கும் தார்த்தகடு) சாம்பிள் பலகைகளை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ஜி.ஏ.எஃப், ஓவன்ஸ் கார்னிங், சர்டெய்ன்டீட். எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன, மூன்றிலும் லைஃப்டைம் வாரன்டி என்றுதான் போட்டிருக்கிறது. எது நல்லது? மனைவிக்குக் கரும்சாம்பல் நிறம் பிடித்திருக்கிறது, வெயிலுக்கு ஆகாது என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். நாளை மாலைக்குள் பிராண்டும் நிறமும் சொன்னால்தான் சரக்கு ஆர்டர் போட முடியுமாம். போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள், பிளீஸ்.

பனிக்காலம் (9.31)

தம்பி, பிராண்டை விடுங்கோ. தாழ்வார ஓரத்தில் ஐஸ் ஷீல்ட் (ஷிங்கிளுக்குக் கீழ் ஒட்டுற, தண்ணி புகாத தாள்) எவ்வளவு தூரத்துக்குப் போடுகினம் என்று கேட்டீங்களோ? எங்கட ஸ்காபரோ வீட்டில் முதல் வந்தவன் ஒரு முழம்தான் போட்டவன். பெப்ரவரியில் பனி உருகி ஓரத்தில் வந்து கட்டியாகி, அதுக்குப் பின்னால் தேங்கின தண்ணி ஷிங்கிளுக்குக் கீழால் ஏறி, சாப்பாட்டு அறை சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் வட்டம் வட்டமாக வந்தது. ஓரத்திலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் மேலே ஏற வேணும், அதோட வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் உள்ளே போக வேணும். ஒன்டாரியோவில் சட்டமே அதுதான்.

திண்ணைப்பேச்சு (9.40)

அவர் ஒன்டாரியோ என்று எங்கே சொன்னார்? எந்த ஊர், வீட்டுக்கு எத்தனை வயது, கூரைச் சரிவு எவ்வளவு, இப்போது மேலே இருப்பது 3-டேப் என்ற ஒற்றை அடுக்கு ஷிங்கிளா, ஆர்க்கிடெக்சுரல் என்ற தடித்த அடுக்கு ஷிங்கிளா, கைக்காசா இன்சூரன்ஸா? ஒன்றையும் சொல்லாமல் எது நல்லது என்றால் யார் என்ன சொல்வது?

தகரடப்பா (9.52)

ஷிங்கிளே வேண்டாம். ஸ்டாண்டிங் சீம் மெட்டல் (மடிப்புகள் எழும்பி நிற்கும் தகரக் கூரை) போடுங்கள், உங்கள் பேரன் காலத்திலும் நிற்கும். தாரில் நனைத்த கண்ணாடியிழைப் பாயின் மேல் கல்தூளை ஒட்டிக் கொடுப்பதற்கு இத்தனை ஆயிரம் டாலரா?

பழம்புள்ளி (10.05)

இதே கேள்வி ஆலங்கட்டி சீசனுக்கு நாலு முறை இங்கே வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. போகட்டும்.

"லைஃப்டைம்" என்றால் வீட்டின் ஆயுளும் இல்லை, உங்கள் ஆயுளும் இல்லை. கூரை போட்ட உரிமையாளர் அதே வீட்டில் இருக்கும்வரை, அவ்வளவுதான். பெரும்பாலும் முதல் 10 வருடம்தான் முழு ஈடு, அதற்குப்பின் வருடத்துக்கு வருடம் கழித்துக்கொண்டே போவார்கள். அதுவும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். ஆலங்கட்டி அதில் வராது, ஆணியைத் தப்பாக அடித்தாலும் வராது. ஆகவே மூன்று பலகையிலும் ஒரே வார்த்தை இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கிளாஸ் 4-ஆ, இல்லையா?

கருங்குயில்82 (10.22)

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். டல்லஸ் பக்கம், ஃப்ரிஸ்கோ. வீட்டுக்கு 14 வயது, பில்டர் போட்ட கூரைதான். 32 ஸ்கொயர் (ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி) என்கிறார் ரூஃபர். கிளாஸ் 4 என்றால் என்ன? எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கிறது. இன்சூரன்ஸ்தான்.

பனிக்காலம் (10.25)

ஓ, டெக்சஸோ. அப்ப ஐஸ் கதையை விடுங்கோ.

ஆணிக்காரன் (10.48)

நான் இந்தத் தொழிலில் 6 வருடம் எஸ்டிமேட்டராக இருந்தேன், இப்போது இல்லை. கிளாஸ் 4 என்பது யூ.எல். 2218 என்ற அடிதாங்கும் சோதனையின் மேல்படி. 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போடுவார்கள், ஷிங்கிளைத் திருப்பிப் பார்த்தால் விரிசல் இருக்கக் கூடாது. கிளாஸ் 3-க்குக் குண்டு 1.75 அங்குலம். புது ஷிங்கிளின் மேல் இரும்பு விழுவதும், பத்து வருட வெயில் குடித்த ஷிங்கிளின் மேல் பனிக்கட்டி விழுவதும் ஒன்றல்ல. அதனால்தான் தென் கரோலினாவில் இருக்கும், காப்பீட்டுத் துறையின் ஐ.பி.எச்.எஸ். ஆய்வுக்கூடம் பனிக்கட்டி உருண்டைகளையே செய்து ஏவிப் பார்த்துத் தனியாக மதிப்பெண் போடுகிறது. ஒரே கிளாஸ் 4 முத்திரை வாங்கிய ஷிங்கிள்களே அதில் மேலும் கீழுமாக வருகின்றன. வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பொதுவாக எஸ்.பி.எஸ். என்னும் ரப்பர் கலந்த தார் போட்டவை அடி வாங்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஆலங்கட்டி அடித்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா? தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. ஏணியில் ஏறிக் கட்டைவிரலால் அமுக்கினால் அடிபட்ட கொய்யாப்பழம் போல அமுங்கும். கல்தூள் உதிர்ந்து அந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். மழைத்தண்ணீர்க் குழாய் வந்து விழும் இடத்தில் குனிந்து பாருங்கள், கைப்பிடி கைப்பிடியாகக் கருமணல் கிடந்தால் அது உங்கள் கூரைதான்.

அட்ஜஸ்டர் (இன்சூரன்ஸ் கம்பெனியின் சேத மதிப்பீட்டாளர்) வந்து பார்த்துவிட்டாரா? என்ன எழுதிக் கொடுத்தார்?

தகரடப்பா (10.55)

மெட்டலுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஆணிக்காரன் (11.01)

மெட்டலில் குழி விழும். பார்வைக்கு மட்டும் கெட்டதற்குப் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். கூரை முழுக்க அம்மைத்தழும்போடு பேரன் காலம் வரை நிற்கும்.

திண்ணைப்பேச்சு (11.10)

நிறத்துக்கு வருகிறேன். கறுப்பா வெளுப்பா என்பதை விட ஆட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில்) காற்று ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இன்சுலேஷன் ஊதியவர்கள் சோஃபிட் (தாழ்வாரத்தின் அடிப்பக்கம்) ஓட்டைகளை எல்லாம் பஞ்சால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே ரிட்ஜ் வென்ட் (கூரை முகட்டில் காற்று வெளியேறும் வழி) திறந்திருக்கிறது, கீழே உள்ளே வர வழியில்லை, காற்று எப்படிப் போகும்? அதோடு பழைய சுழல்விசிறியையும் வைத்துக்கொண்டு ரிட்ஜ் வென்ட்டும் போட்டால் விசிறி அந்த வென்ட்டிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும், கீழிருந்து வராது. இரண்டில் ஒன்றை மூடச் சொல்லுங்கள். காற்றோட்டம் போதாவிட்டால் கம்பெனிக்காரர்கள் வாரன்டியிலும் கைவிரிப்பார்கள். இதை நான் பல இடத்தில் சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை.

பழம்புள்ளி (11.16)

நீங்கள் ஒழுகும் குழாய்க்கும் காற்றோட்டம்தான் மருந்து என்பீர்கள்.

கருங்குயில்82 (11.30)

அட்ஜஸ்டர் வியாழக்கிழமைதான் வருகிறார். ரூஃபரே அவரிடம் பேசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். டிடக்டிபிள் (நாங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) காப்பீட்டுத் தொகையில் 2%, ஆனால் அதையும் அவரே ‘அட்ஜஸ்ட்’ செய்துவிடுவாராம், எங்களுக்குக் கைச்செலவு இல்லை என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்தார், ஏணி வைத்துப் பார்க்க அனுமதி என்று ஒரு கையெழுத்து வாங்கினார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

ஆணிக்காரன் (11.34)

நில்லுங்கள். அந்தக் காகிதத்தைப் படமெடுத்து இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டால் வேலை எங்களுக்கே என்று இருக்கும். அட்ஜஸ்டர் வருவதற்கு முன்னால் சரக்கு ஆர்டர் போட அவசரப்படுத்துவதும் அதற்குத்தான், நீங்கள் பின்வாங்க முடியாதபடி.

பழம்புள்ளி (11.41)

கையெழுத்துப் போட்ட பிறகு ஷிங்கிள் நிறம் கேட்க வருகிறார்கள். 2% என்றால் எத்தனை என்று கணக்காவது போட்டீர்களா? வீட்டுக் காப்பீடு 4,80,000 என்றால் 9,600 டாலர். அதை ஒருவர் சும்மா விட்டுக்கொடுக்கிறார் என்றால் அவர் தர்மசத்திரம் நடத்துகிறாரா? ஒன்று பில்லில் ஏற்றுவார், இல்லை கூரையில் குறைப்பார். டெக்சஸில் 2019 செப்டம்பர் 1 முதல் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வதே ரூஃபருக்குக் குற்றம். பிடித்து வைத்திருக்கும் மீதித் தொகையைத் தரும் முன் நீங்கள் டிடக்டிபிள் கட்டிய ரசீதை இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கலாம். உங்கள் சார்பில் கிளெய்ம் பேரம் பேசவும் கூரை போடுபவருக்கு அனுமதி கிடையாது.

சும்மாசொல்றேன் (11.50)

எனக்கு 2017-ல் ஒரு பைசா செலவில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. வருடா வருடம் பிரீமியம் ஏற்றுகிறவனுக்குப் பரிதாபப்பட நான் தயாரில்லை.

பழம்புள்ளி (11.55)

பிரீமியம் ஏன் ஏறுகிறது என்று யோசித்தால் பதில் உங்கள் தெருவிலேயே கிடைக்கும்.

சும்மாசொல்றேன் (செவ்வாய், 12.03)

சரி பெரியவரே. நீங்கள் மட்டும் ஹைவேயில் 70-க்கு மேல் போனதே இல்லையாக்கும்.

பழம்புள்ளி (12.08)

வேகம் வேறு, பொய் பில் வேறு. கையெழுத்து உங்களுடையது.

தகரடப்பா (12.10)

ஊரில் மொட்டைமாடி காங்கிரீட், ஆலங்கட்டியாவது மண்ணாங்கட்டியாவது.

பனிக்காலம் (12.14)

காங்கிரீட்டும் ஒழுகும். கொழும்பில் எங்கட மாமா வீட்டில் மழைக்கு மழை வாளி வைச்சவை.

ஆணிக்காரன் (காலை 6.50)

சண்டை போகட்டும். கருங்குயில், வீடு தேடி வந்து விற்றவருடன் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். சனிக்கிழமை கையெழுத்து என்றால் புதன் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. எழுத்தில் அனுப்புங்கள், தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் செல்லாது.

டெக்சஸில் ரூஃபருக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, டிரக் வைத்திருக்கும் யாரும் ரூஃபர்தான். உள்ளூரில் பல வருடம் கடை வைத்திருப்பவராகப் பார்த்து மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். ஷிங்கிள் பெயரைப் பார்க்காமல் மற்ற வரிகளைப் பாருங்கள்: ஷிங்கிளுக்கு 4 ஆணியா 6 ஆணியா, புது டிரிப் எட்ஜ் (கூரை ஓரத் தகடு) உண்டா, சுவரோரத்து ஃப்ளாஷிங் (தண்ணீர் தடுக்கும் தகடு) புதிதா பழையதையே திருப்பி வைப்பாரா, பைப்பைச் சுற்றிய ரப்பர் பூட் மாற்றுகிறாரா, அடிப்பலகை உளுத்திருந்தால் ஒரு ஷீட்டுக்கு எவ்வளவு. ஆணித்துப்பாக்கியில் அழுத்தம் கூடினால் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும், அப்புறம் எந்தப் பிராண்டாக இருந்தாலும் காற்றுக்கு எழும்பும். நான் திரும்ப அழைக்கப்பட்ட வீடுகளில் பாதி இந்தக் கதைதான்.

பழம்புள்ளி (7.20)

கிளாஸ் 4 போட்டால் பி.சி.068 என்ற படிவத்தில் ரூஃபரிடம் கையெழுத்து வாங்கி இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும், பிரீமியத்தில் தள்ளுபடிக்கு. ஆனால் தள்ளுபடியோடு அந்த ‘பார்வைக்கு மட்டும் கெட்டது’ வரியையும் சேர்த்துவிடுவார்களா என்று முதலில் கேளுங்கள். எச்.ஓ.ஏ. மறுத்தால் டெக்சஸ் சொத்துச் சட்டம் 202.011-ஐக் காட்டுங்கள். அக்கம்பக்கத்து ஷிங்கிள் போலவே தோன்றும் அடிதாங்கும் ஷிங்கிளை அவர்கள் தடுக்க முடியாது. நிறத்துக்கு மட்டும் முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேலாவது படித்துவிட்டுக் கேளுங்கள்.

திண்ணைப்பேச்சு (7.45)

சோஃபிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருங்குயில்82 (ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு)

தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம். அந்த ஒப்பந்தத்தைச் செவ்வாயே கடிதம் போட்டு ரத்து செய்தோம். வேறொருவர் போன வாரம் போட்டு முடித்தார். கிளாஸ் 4, கரும்சாம்பல் இல்லை, வெதர்ட் வுட் என்ற மர நிறம். மனைவிக்கு இன்னும் வருத்தம்தான். இன்சூரன்ஸ் கொடுத்ததற்கு மேல் 2,800 டாலரும் டிடக்டிபிளும் கையிலிருந்து போனது. எல்லோருக்கும் நன்றி.

ஆணிக்காரன் (ஞாயிறு)

நல்லது. ஆணி எத்தனை அடித்தார்கள், பார்த்தீர்களா? பி.சி.068 அனுப்பிவிட்டீர்களா?

கருங்குயில்82 (திங்கள்)

பி.சி.068 என்றால் என்ன?

பழம்புள்ளி (திங்கள்)

மேலே படிக்கவும்.