ஜிம் கணக்கு எழுத இலவச ஆப்: எதைப் போடலாம்?

கேள்வி:
வாரம் 3 நாள் ஜிம் போகிறேன். ஒரு நாள் நெஞ்சு, தோள். ஒரு நாள் முதுகு, பைசெப்ஸ். ஒரு நாள் கால். இப்போது இருக்கும் ஆப்பில் செட்டுக்குச் செட் வீடியோ விளம்பரம் வந்து உயிரை வாங்குகிறது. ஜிம் பேஸ்மென்ட்டில் இருப்பதால் சிக்னலும் கிடைக்காது. போன முறை எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் (எத்தனை முறை தூக்கினேன்) என்று தெரிந்தால் போதும். டயட், கலோரி எல்லாம் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்.

பதில் 1:
யோசிக்காமல் ஃபிட்நோட்ஸ் போடுங்க ப்ரோ. இலவசம், விளம்பரம் இல்லை, லாகின் கேட்காது, நெட் இல்லாமலும் ஓடும். பார்க்கக் கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பெஞ்ச் பிரஸ்ஸைத் திறந்தால் எடை, ரெப்ஸ் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ‘ஹிஸ்டரி’. போன வாரம் 60 கிலோவில் மூன்று செட்டில் 8, 8, 6 ரெப்ஸ் போட்டிருந்தால் அப்படியே தெரியும். போன முறை செய்த ஒர்க்அவுட்டை மொத்தமாக காப்பி செய்து, எண்களை மட்டும் மாற்றவும் வழி உண்டு. ஒன்று: எல்லாம் போனுக்குள்ளேதான் இருக்கும். போன் போனால் கணக்கும் போச்சு. அதனால் செட்டிங்ஸில் பேக்கப் எடுத்து டிரைவில் போட்டு வையுங்க.

பதில் 2:
பேக்கப் ஞாபகம் இருக்காது என்றால் ஹெவி (Hevy) என்ற ஆப்பைப் பாருங்க. லாகின் இருப்பதால் போன் மாற்றினாலும் பழைய கணக்கு வந்துவிடும். இலவசத்தில் 4 ரொட்டீன் (ஒரு நாளுக்கான பயிற்சிப் பட்டியல்) வரை வைக்கலாம். உங்களுக்கு 3 போதுமே. மற்றவர்கள் என்ன தூக்கினார்கள் என்று காட்டும் பகுதி எனக்குப் பிடிக்காது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

கேட்டவர்:
நன்றி. ஃபிட்நோட்ஸ் போட்டுவிட்டேன். 60 கிலோ 8 ரெப்ஸுக்கு ஒன் ரெப் மேக்ஸ் (ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை) 76 கிலோ என்று ஒரு கால்குலேட்டர் சொல்கிறது. நம்பலாமா? அப்புறம், லேட் புல்டவுன் (முதுகுக்காக மேலிருந்து கம்பியை இழுக்கும்) மெஷினில் பவுண்டில் எழுதியிருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில் 1:
76 வெறும் மதிப்பீடு. எப்லி சூத்திரப்படி எடையை (1 + ரெப்ஸ்/30) ஆல் பெருக்கினால் அதுதான் வரும். ரெப்ஸ் கூடக்கூட அந்தக் கணக்கு தப்பும். பின்னால் ஆள் நிற்காமல் 76-ஐத் தூக்கிப் பார்க்காதீங்க. மெஷினுக்குக் கிலோவாக மாற்றவே வேண்டாம், தகட்டில் இருக்கும் எண்ணையே போடுங்க. வேறு ஜிம் மெஷினில் செய்தால் மட்டும் தனிப் பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்க. புல்லி மாறினால் அதே எண்ணும் கைக்கு வேறு எடையாக இருக்கும்.