புதுப்பிப்பு: கிண்டியா, எம்.ஐ.டி.யா, பி.எஸ்.ஜி.யா? சாய்ஸ் வரிசைக் கேள்வி

தங்கச்சியின் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்கு சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய மூன்றையும் விருப்பப் பட்டியலில் எந்த வரிசையில் போடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. எம்.ஐ.டி.யில் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, "போன வருஷ கட்-ஆஃப் பார்த்து அடுக்காதீங்க, ஆசைப்படுற வரிசையில போடுங்க" என்ற யோசனைதான். பட்டியலை மேலிருந்து பார்த்து, ரேங்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். எட்டாத கல்லூரியை உச்சியில் போட்டாலும் நஷ்டமில்லை. கல்லூரியை மட்டும் பார்க்காமல் கல்லூரி–பிரிவு ஜோடியாக அடுக்கினோம்: கிண்டி ஈ.சி.ஈ., எம்.ஐ.டி. ஈ.சி.ஈ., பி.எஸ்.ஜி. ஈ.சி.ஈ., அதற்குப் பிறகே கிண்டி சிவில்.

முதலில் ஒதுக்கீடாக வந்தது பி.எஸ்.ஜி. 'இந்த இடத்தை ஏற்கிறேன், பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதையும் பாருங்கள்' என்ற விருப்பத்தைக் கொடுத்து, கவுன்சலிங் சேவை மையத்தில் பணம் கட்டினோம். பிறகு எம்.ஐ.டி.க்கு ஏறியது. ஏறினால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே மனசுக்குப் பிடிக்காத எதையும் மேலே வைக்காதீர்கள். பட்டியலை லாக் செய்தபின் வரிசையை மாற்ற வழியில்லை.

எதிர்பாராதது: ஒரே கல்லூரியில் சில பிரிவுகளின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருக்கும். அது சுயநிதி, பிரிவுக் குறியீடு வேறு, கட்டணமும் கூடுதல். அவசரத்தில் கண்ணில் படாது.