கிரே மார்க்கெட் சரக்கு: சாம்பலா, புறவழியா?

அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

'கிரே மார்க்கெட்' என்பதைச் 'சாம்பல் சந்தை' என்று எழுதி வருகிறார்கள். சாம்பல் என்றால் நமக்கு அடுப்பும் சுடுகாடும்தான் நினைவுக்கு வரும். 'போலி' என்பதோ முழுத் தவறு. சரக்கு அசல், அது வந்த வழிக்குத்தான் பிராண்டின் ஒப்புதல் இல்லை.

> சட்ட நூல்களில் இதற்கு 'இணை இறக்குமதி' (parallel import) என்ற சொல் இருக்கிறதே, ஐயா?

இருக்கிறது. ஆனால் இருவர் கூட்டாக இறக்குமதி செய்வதுபோல் ஒலிக்கிறது. எல்லை தாண்டாமலும் இது நடக்கும்: தேங்கிய கைக்கடிகாரங்களை முகவரே தள்ளுபடிக் கடைக்குக் கைமாற்றி விடுவார். அங்கே இறக்குமதி ஏது?

'புறவழிச் சரக்கு' எனலாம். புறவழிச் சாலையும் நல்ல சாலைதான். ஊருக்குள் போகாது, அவ்வளவே. சில்லுவெட் வழக்கில் பொருத்திப் பாருங்கள். அந்த ஆஸ்திரிய மூக்குக்கண்ணாடி நிறுவனம் 1995 அக்டோபரில் மவுசு போன 21,000 ஃபிரேம்களைப் பல்கேரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. பல்கேரியாவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும் மட்டும் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. டிசம்பரில் அவை ஆஸ்திரியாவிலேயே ஹார்ட்லவர் கடைகளில் மலிவு விலைக்கு வந்துவிட்டன. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்ற சரக்கு என்பதால் வணிகக்குறி உரிமை தீர்ந்துபோகாது, அதாவது மறுவிற்பனையை நிறுவனம் தடுக்கலாம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம் (1998).

> சட்டம் தடுப்பதைக் 'கள்ள வழி' என்றே சொல்லலாமே?

எல்லா நாட்டிலும் தடை இல்லை. சாம்சங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் அசல் பொருளை இறக்குமதி செய்து விற்க அனுமதித்தது. நிறுவனத்தின் வாரன்டி கிடையாது என்பதைக் கடையில் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்றது. அங்கே உரிமை மீறல், இங்கே வியாபாரம். குற்றத்தைச் சொல்லுக்குள் ஏற்றினால் பாதி இடங்களில் பொய்யாகிவிடும்.

> 'டீகோடட்' வாசனைத் திரவியத்துக்கும் இதே சொல்லா?

அதற்குத் தனிச்சொல் தேவை: 'எண் சுரண்டிய சரக்கு'. பெட்டியிலும் புட்டியிலும் உள்ள தொகுதி எண்ணைப் பார்த்தால் எந்த முகவரிடமிருந்து கசிந்தது என்று பிராண்ட் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் சுரண்டுகிறார்கள். சுரண்டிய பிறகு தயாரித்த காலம் தெரியாது, குறையுள்ள தொகுதியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. சுரண்டல் தழும்பு இயல்பாகிவிட்ட அலமாரியில் போலியும் சுலபமாக நுழையும்.

அப்படியானால் அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும். புறவழிச் சரக்கு: உரிமையாளரே சந்தைக்கு விட்ட, ஆனால் அவர் ஒப்பாத வழியில் விற்கப்படும் அசல் பொருள். 'அசல்' என்பதை எடுத்துவிடாதீர்கள்.