உருட்டுநரா, சுருட்டுநரா, சுற்றுநரா?

அன்பின் கலைச்சொல் குழுமத்தாருக்கு,

வணக்கம். ஆவணப்பட வசன வரிக்காகத் தோழி கேட்ட ஒரே ஒரு சொல்லுக்கு இதுவரை 11 மடல் வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு புகையிலைக் கடை. வெளியூரிலிருந்து வரவழைத்த கைத்தொழிலாளி ஒருவர், கடைக்குள் மேசை போட்டு உட்கார்ந்து, வாங்க வந்தவர்கள் கண்ணெதிரே சுருட்டு செய்து காட்டுகிறார். அவருக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘ரோலர்’ என்பதற்கு நேர்ச்சொல் உருட்டுநர். இதில் ஐயமில்லை.

ஐயா மன்னிக்கணும், ஐயமே அங்கேதான். நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். நேற்று டீக்கடையில் இந்தச் சொல்லைச் சும்மா சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, “யாரு சார், எலெக்‌ஷன்ல நிக்கிறவரா?” என்றார். எங்கள் பக்கம் உருட்டு என்றால் புளுகு. அதை விட்டுத்தள்ளினாலும், சோற்றை உருட்டலாம், பந்தை உருட்டலாம். இலையை எப்படி உருட்டுவது?

> அப்படியானால் சுருட்டுநர் என்று வைத்துக்கொள்ளலாமே.

இது அதைவிட மோசம். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களை எங்கள் தெரு இரண்டு தடவை பார்த்திருக்கிறது. இரண்டாவது தடவை என் பணமும் போனது. ‘சுருட்டுநர்’ என்று திரையில் வந்தால் அடுத்த வரியில் ‘கைது’ என்று வரும் என்றுதான் என் வீட்டில் எதிர்பார்ப்பார்கள்.

சரி, சுற்றுநர்? ரீல் சுத்துவது, காதில் பூ சுத்துவது. ஆக மூன்று வினையுமே ஏமாற்று வேலைக்குப் போய்விட்டன. ஆனால் இந்த மூன்றாவதில் மட்டும், எதைச் சுற்றுகிறோம் என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் கறை போய்விடுகிறது. நூல் சுற்றுகிறார், முறுக்கு சுற்றுகிறார், பீடி சுற்றுகிறார். இதில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

என் ஆயா வியாசர்பாடியில் பீடி சுற்றியவர். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறம் வைத்திருப்பார். நனைத்து ஈரத்துணியில் மூடி வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டுவார். அதில் தூளைப் பரப்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே ஒரு தரம் புரளும். அவ்வளவுதான், பீடி ஆகிவிடும். பீடியின் வாயை நகத்தால் உள்ளே மடிப்பார், அடுத்த முனையில் நூல். 25-க்கு ஒரு கட்டு. பேச்சும் நிற்காது, கண்ணும் முறத்தில் இருக்காது. “என்னா ஆயா பண்றே?” என்று கேட்டால், “பீடி சுத்துறேன், கண்ணு தெரில?” என்பார். உருட்டுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பெயர்ச்சொல்லில் நமக்குக் கவலையே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வகைச் சுருட்டைக் குறிக்கும் ‘செரூட்’ என்ற சொல்லுக்கு மூலம் நம் சுருட்டுதான் என்று ஆங்கில அகராதிகளே எழுதிவைத்திருக்கின்றன. போர்த்துக்கீசியர் இன்றும் ‘சருட்டு’ என்கிறார்கள். ‘செரூட் இரு முனையும் திறந்தது, சிகாருக்குத் தலை, அதாவது வாயில் வைக்கும் முனை, மூடியிருக்கும், ஆகவே வேறு பெயர் வேண்டும்’ என்று ஒரு மடலில் வந்தது. வேறுபாடு உண்மைதான். ஆனால் சிகரெட்டையே வெண்சுருட்டு என்று எழுதுகிறவர்கள், தலை மூடியதற்காகச் சிகாரை ஏன் வெளியே தள்ள வேண்டும்?

கூபாக்காரர்கள் இந்தத் தொழிலாளியை ‘டொர்செதோர்’ என்கிறார்கள். முறுக்குவது, திருகுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். முறுக்குநர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், பசிக்கும்.

இலைகளுக்கு வருகிறேன். நடுவில் வைக்கும் இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று போர்த்தும் இலை என மூன்று வகை. நடுவில் வைப்பதற்கு ‘அகவிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அரசு ஊழியர் யாராவது பார்த்தால் படி எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று கேட்பார்! இரண்டாவதற்கு வந்த ‘கட்டிலை’யைப் படித்ததும் எனக்குப் படுக்கத் தோன்றியது. என் பரிந்துரை உள்ளிலை, பிடியிலை, மேலிலை. மேலிலையில் ஒரு நுட்பம் உண்டு. நடுநரம்பை உரித்தால் இலை இரண்டு பாதியாகும். இடப்பாதியை ஒரு திசையிலும் வலப்பாதியை எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். அதனால் இரண்டு கையும் பழகியிருக்க வேண்டும். கடைசியில் தலைக்கு ஒரு சிறு வட்டத் துண்டைப் பசை தொட்டு ஒட்டுவார்கள். அதைக் குல்லா என்றே சொல்லலாம். இலை வெட்டுகிற வளைந்த தகட்டுக்குப் பிறைக்கத்தி.

‘செய்து காட்டுதல்’ என்பதற்கு வேளாண் துறை புழங்கும் ‘செயல்விளக்கம்’ இருக்கிறது, அதுவே போதும். (நம் ஊர்க் கடைகளில் இதற்கு வேலை இருக்காது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருள் விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது. நமக்கு இது வசன வரிக்கு மட்டும்.)

மிஞ்சியது, அவர் வெளியூரிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்லும் ‘வருகை தரும்’. பல்கலைக்கழகத்தில் ‘வருகைதரு பேராசிரியர்’ இருக்கிறார் என்பதற்காக ‘வருகைதரு சுருட்டுச் சுற்றுநர்’ என்று எழுதினால், படிப்பதற்குள் அவர் சுருட்டை முடித்து எழுந்து போய்விடுவார். ‘ஊர்சுற்றிச் சுற்றுநர்’ என்று தம்பி ஒருவர் எழுதியதை ரசித்தேன், பட்டியலில் சேர்க்க மாட்டேன். கல்யாண வீட்டுக்குக் கைமுறுக்கு சுற்ற ஆள் வருவார்களே, அவர்களை எப்படிச் சொல்கிறோம்? ‘முறுக்கு சுத்த வந்திருக்காங்க.’ வருவதைப் பெயருக்குள் திணிக்காமல் வினையில் வைத்துவிட்டோம். இங்கும் அப்படியே செய்யலாம்.

ஆக, கலைச்சொல் பட்டியலுக்குச் ‘சுருட்டுச் சுற்றுநர்’. நடுவில் ‘ச்’ வேண்டும் என்று இலக்கண ஐயா எழுதுவதற்குள் நானே போட்டுவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

* * *

> ‘ச்’ சரி. ஆனால் பீடிக்குச் சுற்றுதல் என்றால் சுருட்டுக்கும் அதுவேயா? சான்று?

அண்ணை, சான்று நான் தாறன். யாழ்ப்பாணத்தில எங்கட அப்பு சுருட்டுக் கொட்டிலில வேலை செய்தவர். ‘சுருட்டுச் சுத்துறது’ எண்டுதான் சொல்லுவினம். ஒராள் பேப்பர் வாசிக்க மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டு சுத்துவினம். கூபாவிலும் 1865-இல இருந்து இப்பிடி வாசிக்கிற ஆள் இருந்தவர் எண்டு படிச்சனான். அவருக்கும் ஒரு சொல்லு வேணும் கண்டியளோ.

* * *

நன்றி அண்ணா. சான்று கிடைத்துவிட்டது. வாசிப்பவருக்குத் தனி இழை தொடங்குங்கள், ‘வாசகர்’ என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

தோழிக்கு: இரண்டு வரியாகப் பிரித்திருக்கிறேன். நேரம் போதவில்லை என்றால் முதல் வரியில் ‘இன்று’ என்பதை எடுத்துவிடலாம்.

இன்று நம் கடைக்குச் சுருட்டுச் சுற்ற வந்திருக்கிறார்.
மேலிலையை எப்படிப் போர்த்துகிறார், பாருங்கள்.