மடத்துப் பள்ளிக்கூடமும் மல்லாட்டையும்

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

கன்னியாஸ்திரீகள் நடத்தும் கான்வென்ட் பள்ளிக்கு எங்கள் ஊரில் மடத்துப் பள்ளிக்கூடம் என்றுதான் பெயர். ஓட்டுக் கட்டடம், தமிழ் வழி, நடத்தியவர்கள் சேலை கட்டிய தமிழ் சிஸ்டர்கள். நான் ஒன்பதாவது படிக்கும்போது மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் நேரம் வந்தது, என்னை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வாரம் தலைமையாசிரியை சிஸ்டர் வந்தார். குடையை மடக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். மழை, மூட்டை விலை, பாட்டியின் மூட்டுவலி என்று ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. பள்ளிக்கூடம் என்ற சொல்லே வரவில்லை. எழுந்து போகும்போதுதான் என்னைப் பார்த்து, “திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை. ஜாமெட்ரி பாக்ஸை மறந்துடாதே” என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிஸ்டரின் சபை எவ்வளவு பழையது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மாசற்ற இருதய மரியன்னை சபை. 1844இல் புதுச்சேரியில், லூயி சவினியன் துப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கியது. முசே என்பவரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தாரே, அவரேதான். தமிழ்ப் பெண்களையே சிஸ்டர்களாக்கி, தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைப்பது அவர் திட்டம். எழுத்துப் படிப்பதெல்லாம் தேவதாசிகளுக்குத்தான், குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அந்த முதல் சிஸ்டர்கள் எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்து என்னென்ன உரித்தார்களோ!

சென்னையிலிருந்து:

நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் படித்தது ஆங்கிலக் கான்வென்ட். பெயர் வேண்டாம். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் பத்து பைசா அபராதம். வீட்டில் கேட்டால் அடி விழும் என்று, ஒரு மாதம் பஸ்ஸுக்குப் போகாமல் நடந்தே போய் அந்தக் காசைக் கட்டினேன். இன்னும் ஆறவில்லை.

பின்னாளில் படித்தபோது ஒன்று உறுத்தியது. சென்னைக்கு 1842இல் அயர்லாந்திலிருந்து வந்த சிஸ்டர்கள் பிரசன்டேஷன் சபை. அதைத் தொடங்கிய நானோ நேகிள், கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாது என்று ஆங்கிலேயச் சட்டம் தடுத்த காலத்தில், கார்க் நகரில் ஒளித்து ஒளித்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். 1775இல்தான் சபையாக உருவெடுத்தது. படிப்பு மறுக்கப்பட்டவர்கள் கடல் தாண்டி வந்து பள்ளி திறந்த ஊரில், ஒரு பிள்ளையின் வாயில் தமிழ் வந்ததற்கு இன்னொரு கான்வென்ட்டில் காசு வாங்கினார்கள். சரி, இப்போது ஒரு சிஸ்டர்கூட இல்லாத நர்சரிப் பள்ளிக்கும் கான்வென்ட் என்றே பலகை மாட்டுகிறார்கள். அந்தச் சொல் அவர்கள் கையை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட அம்மம்மா திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தவ. பிரான்சின் போர்தோ நகரத்துச் சபை, 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தையலும் பியானோவும் அங்கேதான் பழகினவ. இடம்பெயர்ந்தபோது மற்றதெல்லாம் விட்டுவிட்டு அந்தத் தையல் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வந்தவ.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, மறுபடியும்:

சென்னைக்காரரே, எங்கள் சிஸ்டரும் சும்மா விடமாட்டார். வாய்ப்பாடு தப்பினால் மரஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் ஒன்று வைப்பார். அதை நான் மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் வராமல் இருந்திருந்தால் அந்த வருஷமே எனக்குப் பரிசம் போட்டிருப்பார்கள்.

நான் பத்தாவது முடித்த கோடையில் அவருக்கு மாற்றல் வந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, அதே குடை, அவ்வளவுதான் சாமான். பாட்டி ஒரு மரக்கால் மல்லாட்டையை உரித்துக் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டவர், பஸ் ஏறும் முன் போர்டிங் சமையற்கட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாராம். பாட்டிக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.