காட்டு வளவு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

பெரிய மாமா: ஏம்மணி நித்யா, நெலாவுல இருக்கறது நம்ம சித்தம்பூண்டிக் கல்லுதான்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. நெசமா?

நித்யா: ஒரே வகைக் கல்லுங் மாமா, அனார்த்தசைட். நெலாவோட மேட்டு நெலமெல்லாம் அதுதான். சந்திரயான்-2 சோதனைக்கு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைக் கல்லை அரைச்சுத்தான் இஸ்ரோ நெலா மண்ணு பண்ணுச்சு.

செந்தில்: அப்ப சந்திரயான்-3 எறங்குன எடத்துலயும் இதே கல்லா?

நித்யா: நெம்ப அதேதான். அதுல போன பிரக்யான் வண்டி 103 மீட்டர் ஓடி 23 தடவை மண்ணைச் சோதிச்சுது. ஆனா மெக்னீசியம் நெனச்சதை விட எச்சு. அது ஆழத்துக் கல்லோட அடையாளம். சுமார் 350 கி.மீ. தள்ளி தென்துருவ எய்ட்கன் பள்ளத்தோட வெளிம்பு இருக்குது, பள்ளம் 2500 கி.மீ. அகலம். விண்கல்லு மோதி அது உண்டானப்பத் தெறிச்ச கல்லு இங்க கலந்திருக்குதுன்னு சொல்றாங்க.

அத்தை: அப்புச்சி சொல்லச் சொல்றாங்க: "கெணத்துக்கு வெடி வெச்சா அடுத்த காட்டுலயும் கல்லு உழுகும். செம்மண்ணுல கருங்கல்லு கெடந்தா எந்தக் கெணத்துதுன்னு சொல்லீரலாம்."

நித்யா: அப்படியேதானுங் அப்புச்சி! அடியில இருந்து வர்ற கல்லு பள்ளத்து வெளிம்புப் பக்கத்துலயே உழுந்துரும். மேலாப்புல இருந்ததுதான் தூரம் பறக்கும். அது உழுகற எடத்துல குட்டிக் குட்டிப் பள்ளம் வரிசையா உழுகும். வரிசையைப் புடிச்சுப் பின்னால போனா மூலப் பள்ளம்.

நித்யா: அமெரிக்காக்காரங்க அப்பல்லோ 17-ல போயி எறங்குன பள்ளத்தாக்குல அப்படிக் குட்டிப் பள்ளம் கூட்டமா இருக்குது, தைக்கோங்கற பெரிய பள்ளத்துல இருந்து தெறிச்ச கல்லால வந்ததா. அந்த மண்ணை வெச்சுத்தான் தைக்கோ சுமார் 11 கோடி வருசத்துக்கு முந்தினதுன்னு கணக்கு. தைக்கோவுல இதுவரைக்கும் ஒரு ஆளும் கால் வெக்கல, பாத்துக்கங்க.

செந்தில்: வேற பள்ளத்துக் கல்லா இருந்துட்டா?

நித்யா: அதுதான் சண்டையே. அப்பல்லோவுல போனவங்க கொண்டாந்த கல்லுல நெறைய 390 கோடி வருச வயசையே காட்டுது. ஒரு கூட்டம், அப்ப நெலாவுல அடி மேல அடி உழுந்துச்சுங்குது. இன்னொரு கூட்டம், எல்லாமே இம்ப்ரியம் பள்ளத்து ஒடசல், ஒரே அடியைத்தான் திருப்பித் திருப்பி எண்றோம்ங்குது. எனக்கென்னமோ ரெண்டாவதுதான் சரியாப் படுது. இம்ப்ரியத்துக் கல்லுல தோரியம்ங்கற கதிரியக்கத் தனிமம் எச்சு, அது எங்கெங்கயோ சிதறிக் கெடக்குது.

அத்தை: தைக்கோ கண்ணுக்குத் தெரியுமா?

நித்யா: பௌர்ணமிக்கு பைனாகுலர்ல பாருங்க அத்தை. கெழக்க எழும்பறப்ப வலப்பக்கம். அதுல இருந்து வெள்ளை வெள்ளையாக் கோடு ஓடும், அத்தனையும் தெறிச்ச சரக்கு.

பெரிய மாமா: செந்திலு, பைனாகுலர் உங்கூட்லதான இருக்குது? எடுத்துட்டு வா. வர்றப்ப மாட்டுக்குத் தவுடு ஒரு மூட்டை.