எட்டு நடை: தெற்கு வடக்காக நடந்தால்தான் பலனாமே?

முருகேஷ்பாளையா மாமா:
பெங்களூருத் தமிழர் குழுவில் நேற்று எட்டுநடை செல்வி போட்ட பதிவைப் பார்த்தீர்களா? தினமும் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் எட்டு போட்டு நடந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அடங்குமாம். சாப்பாட்டிலும் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாமாம். அதைக்கூட விட்டுவிடுகிறேன். எட்டைத் தெற்கு வடக்காகத்தான் போட வேண்டும், கிழக்கு மேற்காகப் போட்டால் பலன் இல்லை என்கிறார். அம்மா, எட்டு போட்டு நடக்கிறவன் ஒரு சுற்று முடிப்பதற்குள் நாலு திசையையும் பார்த்துவிடுகிறானே. அப்புறம் என்ன தெற்கு வடக்கு?

எட்டுநடை செல்வி:
சார், கிண்டல் செய்கிறவர்கள் முதலில் நடந்து பார்க்க வேண்டும். ஆறடி அகலம், பத்தடி நீளம், வெறுங்கால். முதல் 15 நிமிடம் தெற்கிலிருந்து வடக்கு, அடுத்த 15 நிமிடம் வடக்கிலிருந்து தெற்கு. சித்தர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை.

முருகேஷ்பாளையா மாமா:
எந்தச் சித்தர்? பதினெட்டுப் பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். பாட்டையும் போடுங்கள். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலே பாகத்தைத் திருப்பி அனுப்புவோம். என்னிடம் "சும்மா சொல்லவில்லை" என்றால் எப்படி?

வைட்ஃபீல்டு தம்பி:
திசையை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இதுதான்: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஆறடி இடத்துக்குள் எட்டு போட்டால் ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறையும், மூச்சு வாங்காது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். செல்வி அக்கா நடந்துகொண்டே முழுப் பாட்டே பாடுவார் என்று நினைக்கிறேன். நான் தினமும் 10,000 அடி நடக்கிறேன், எட்டு எதுவும் போடாமலே.

பானஸ்வாடி அக்கா:
வந்துட்டாருப்பா 10,000 அடி. தம்பி, அந்த எண்ணை எந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருஷம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயரே பத்தாயிரம் அடி. விளம்பரத்துக்கு வைத்த எண்ணைக் கையில் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில் சுமார் 4,400 அடியிலேயே நன்மை தெரிந்தது, 7,500 வாக்கில் அதற்கு மேல் கூடவில்லை.

முருகேஷ்பாளையா மாமா:
அந்த ஆய்வில் அந்த அம்மாக்கள் எந்தத் திசையில் நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? இல்லை அல்லவா? சரி. செல்வி அவர்களே, பாட்டு எங்கே?

எட்டுநடை செல்வி:
எல்லாவற்றையும் எழுதி வைக்க மாட்டார்கள் சார். வாய்வழியாக வந்தது. எங்கள் வீட்டில் என் மாமியார் நடந்து முழங்கால் வலி குறைந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முருகேஷ்பாளையா மாமா:
நடந்ததால் குறைந்தது என்று சொல்கிறேன். வடக்குப் பார்த்ததால் குறைந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் கேள்விக்கு வாருங்கள். எட்டில் உடம்பு நாலு திசையும் திரும்புகிறதா இல்லையா? ஆம் அல்லது இல்லை.

வைட்ஃபீல்டு தம்பி:
மாமா, நீங்களும் விடமாட்டேன் என்கிறீர்கள். வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். அதற்கு ஆறடியும் வேண்டாம், திசைகாட்டியும் வேண்டாம். வயதாக ஆகத் தசைதான் முதலில் போகும். நம் ஆட்கள் காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி தோசை. புரதம் எங்கே இருக்கிறது?

சோனாமசூரி:
இட்லியைத் தொடாதே தம்பி. அதில் உளுந்து இருக்கிறது.

வைட்ஃபீல்டு தம்பி:
நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அதை வைத்துக்கொண்டு புரதம் என்கிறீர்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது.

சோனாமசூரி:
எங்கள் வீட்டில் மூன்றுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் பாக்கெட் மாவு வாங்கினால் அதற்கு நான் என்ன செய்வது?

பானஸ்வாடி அக்கா:
ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படியுங்கள். ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்கான தட்டில் காய்கறி மட்டும் 400 கிராம், தானியம் 250 கிராம்தான். நம் தட்டில் அது தலைகீழ். காய் என்று ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல், அதிலும் பாதி தேங்காய். நான் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு ராகிக் களிக்கு மாறிவிட்டேன்.

சோனாமசூரி:
ராகியிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான் அக்கா. நார்ச்சத்தும் கால்சியமும் அதில் கூடுதல், அவ்வளவுதான். இந்த ஊர் ஓட்டலில் முத்தே என்று தரும் களி உருண்டை சைஸுக்கு இரண்டு தின்றால் எந்த எடை குறையும்? அளவாகச் சாப்பிட்டால் சோனாமசூரியே போதும்.

பானஸ்வாடி அக்கா:
பெயரிலேயே அரிசியை வைத்திருக்கிறவர் வேறு என்ன சொல்வார்? போன தடவை கொள்ளு ரசம் விவகாரத்திலும் நீங்கள்தான் கடைசி வரை மல்லுக்கு நின்றீர்கள். நான் மறக்கவில்லை.

சோனாமசூரி:
கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று எழுதியவர் யார்? ரசம் குடித்தால் தொண்டை கரகரப்புப் போகும். கொழுப்பு எங்கும் போகாது.

முருகேஷ்பாளையா மாமா:
கொள்ளு, ராகி எல்லாம் தனி இழையில் பேசுங்கள். செல்வி இன்னும் பதில் சொல்லவில்லை. என் வீட்டு ஹால் கிழக்கு மேற்காக நீளம். முப்பதுக்கு நாற்பது மனையில் மூன்று மாடி கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு பிரித்த கட்டடத்தில் வாழ்கிறவனுக்கு ஆறடி அகலம் வடக்கு நோக்கிக் கிடைக்குமா? சோபாவைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு நடக்கட்டுமா?

எட்டுநடை செல்வி:
மொட்டைமாடிக்குப் போங்கள்.

முருகேஷ்பாளையா மாமா:
"வீட்டுக்குள்ளேயே" என்று எழுதியது நீங்கள். மொட்டைமாடிச் சாவி ஓனரிடம். துணி காயப்போடவே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எட்டுநடை செல்வி:
எங்கள் அபார்ட்மெண்டிலும் நான் மாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்ததற்கு அசோசியேஷனில் சத்தம் போட்டார்கள். அதற்காக விட்டுவிட்டேனா? மனம் இருந்தால் இடம் கிடைக்கும் சார். உங்களுக்கு நடக்க விருப்பமில்லை, திசை ஒரு சாக்கு.

முருகேஷ்பாளையா மாமா:
எனக்கா விருப்பமில்லை? அல்சூர் ஏரிக்கரையில் என்னைத் தெரியாதவர் உண்டா? ஏரியைச் சுற்றினால் நாலு திசையும் வரும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வைட்ஃபீல்டு தம்பி:
ஏரியைச் சுற்றிவிட்டு ஓட்டலில் வடையும் காபியும் என்று நீங்களே போன வாரம் படம் போட்டிருந்தீர்களே மாமா. கூடவே ஊறுகாய், அப்பளம். உப்பே நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

முருகேஷ்பாளையா மாமா:
வடையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. மானிட்டரைப் பார்த்தபடி டப்பாவில் பொடி கலக்கிக் குடிக்கிற ஆள் என் வடையை எண்ண வேண்டாம்.

வைட்ஃபீல்டு தம்பி:
புரதப் பொடி என்றால் உங்களுக்கு இளக்காரம். சத்துமாவில் சர்க்கரையைக் கொட்டிக் குடித்தால் பாரம்பரியம்.

எட்டுநடை செல்வி:
நான் இந்த இழையிலிருந்து விலகுகிறேன். நல்லது சொன்னால் இங்கே மரியாதை இல்லை.

முருகேஷ்பாளையா மாமா:
போகும் முன் அந்தச் சித்தர் பெயர்?

எட்டுநடை செல்வி:
விலகிவிட்டேன் என்று சொன்னேன். காலையில் ஆறு மணிக்கு மாடிக்கு வாருங்கள், நடந்து காட்டுகிறேன். பெயரையும் அங்கேயே சொல்கிறேன்.

சோனாமசூரி:
அக்கா, ஓட்டல் முத்தே ஒன்று எத்தனை கிராம் என்று நிறுத்துப் போடுகிறேன் என்றீர்களே. தராசு பழுதா?

பானஸ்வாடி அக்கா:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். அப்புறம், உளுந்துக் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு ஒன்று போட்டால் இட்லி பிசுபிசுவென்று ஒட்டும்.

சோனாமசூரி:
உங்கள் கையில் ஒட்டும். கிரைண்டரா மிக்ஸியா, அதை முதலில் சொல்லுங்கள்.